உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறது, எல்லா அணியும் அதைத் தாண்டுகிறதே, எப்படி?

கேட்ட கேள்வி இது: 2025-26 சீசனில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் அணி ஒன்றின் சம்பள உச்சவரம்பு, அதாவது சேலரி கேப், 15.46 கோடி டாலர். ஆனால் அணிகளின் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலானவை அதற்கு மேலேதான் இருக்கின்றன, சில 20 கோடியைத் தொடுகின்றன. அப்படியானால் அந்த வரம்பு எதற்கு? காசுள்ள முதலாளி இஷ்டத்துக்கு இறைத்துக் கோப்பையை வாங்கிவிட முடியுமா?

இரண்டாவது கேள்விக்கு 2023 வரை "முயற்சி செய்யலாம்" என்று சொல்லியிருப்பேன். இப்போது முடியாது என்றே சொல்லலாம். அதற்குக் காரணம் கேப் இல்லை, அதற்கு மேலே போட்டிருக்கும் வேறு இரண்டு கோடுகள். அதைச் சொல்வதற்கு முன் கேப் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஐபிஎல் ஏலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்கிறார்கள். ஐபிஎல்லில் 2025 சீசனுக்கு ஒரு அணியின் பர்ஸ் 120 கோடி ரூபாய். லக்னோ அணி ரிஷப் பந்துக்கு 27 கோடி கொடுத்தது என்றால் மிச்சமிருக்கும் காசில்தான் மற்றவர்களை எடுக்க வேண்டும், பர்ஸ் தீர்ந்தால் ஏலத்தில் கை தூக்க முடியாது, அவ்வளவுதான். அது இறுக்கமான வரம்பு. என்பிஏவில் இருப்பது அப்படிப்பட்டது இல்லை, தாண்டப்பட வேண்டும் என்றே போட்ட கோடு அது.

எப்படி என்றால், லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்டிருக்கும் கூட்டு ஒப்பந்தத்தின்படி கூடைப்பந்து சார்ந்த வருமானத்தில் 49 முதல் 51 சதவீதம் வரை வீரர்களுக்குப் போக வேண்டும். ஆனால் கேப் கணக்கிடப்படுவது அந்த வருமானத்தின் சுமார் 44.7 சதவீதத்தை வைத்து, அதிலிருந்து வீரர்களின் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற செலவுகளைக் கழித்து, 30 அணிகளுக்கும் வகுத்து. எல்லா அணிகளும் ஒழுங்காகக் கேப்புக்குள் இருந்துவிட்டால் வீரர்களுக்குச் சேர வேண்டிய பங்கு போய்ச் சேராது! ஆகவே நிறைய அணிகள் தாண்டும் என்பதை எதிர்பார்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ரொம்பவும் தாண்டி, மொத்தச் சம்பளம் 51 சதவீதத்துக்கு மேலே போய்விட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீரரின் சம்பளத்திலும் 10 சதவீதத்தை எஸ்க்ரோ என்று பிடித்து வைத்து, ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு அதிகமாகப் போனதை அதிலிருந்து முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதாவது ஒரு அணி ஒருவருக்கு அள்ளிக் கொடுக்கும்போது, மொத்தம் 51 சதவீதத்தைத் தாண்டும் பட்சத்தில், அந்தக் காசின் ஒரு துளி மற்ற எல்லா வீரர்களின் பையிலிருந்தும் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். அடிப்படையில் இது முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடுவே வருமானத்தைப் பங்குபோடும் ஏற்பாடு. எல்லா அணிகளையும் சமமாக்குவதற்காக என்று சொல்வதெல்லாம் மேலே பூசிய வர்ணம் என்பது என் கருத்து.

ஆரம்பமே அப்படித்தான். 1983-ல் பல அணிகள் கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தன, சில மூடப்படும் நிலையில் இருந்தன. அப்போது வீரர்கள் சங்கம், வருமானத்தில் 53 சதவீதம் எங்களுக்கு உத்தரவாதம் என்றால் உச்சவரம்பை ஏற்கிறோம் என்று ஒப்புக்கொண்டது. 1984-85 சீசனில் கேப் ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். இன்றைக்கு லீக்கில் பத்து வருடம் ஆடிய ஒருவர் குறைந்தபட்சச் சம்பளத்திலேயே ஒரே ஆளாக அந்தத் தொகையை வாங்கிவிடுவார்.

முதல் நாளிலிருந்தே பெரிய ஓட்டை ஒன்றை வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். சொந்த அணி வீரரைத் தக்கவைத்துக்கொள்ள கேப்பைத் தாண்டலாம். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் லாரி பேர்ட் பெயரால் இதை பேர்ட் உரிமை என்பார்கள். இன்றைய விதிப்படி, அணி மாறாமலோ, ட்ரேடில் (அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதில்) மட்டும் மாறியோ மூன்று சீசன் ஆடியிருந்தால் அவருடைய அணி கேப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அவருக்கு உச்சபட்சச் சம்பளம் வரை கொடுக்கலாம். 1997-98-ல் சிகாகோ புல்ஸ் மைக்கேல் ஜோர்டனுக்குக் கொடுத்தது 3.31 கோடி டாலர், அந்த வருடம் மொத்த அணிக்குமான கேப்பே 2.69 கோடிதான். ஒரே ஆளின் சம்பளம் அணியின் வரம்பைவிடப் பெரியது. இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

இந்த உரிமையை வைத்துக் கெட்டிக்கார அணிகள் என்ன செய்யும் என்பதற்கு 2015-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் செய்ததைப் பார்க்கலாம். கவாய் லெனர்டின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவர் உச்சபட்சச் சம்பளத்துக்குத் தகுதியானவர், கொடுக்க அணியும் தயார். ஆனால் கையெழுத்துப் போடும் வரை கேப் கணக்கில் அவர் பெயரில் ஏறுவது சுமார் 70 லட்சம் டாலர்தான். சரி, கொஞ்சம் பொறு என்றார்கள், அவரும் பொறுத்தார். அந்த இடைவெளியில் கிடைத்த இடத்தில் வெளியிலிருந்து லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை ஒப்பந்தம் செய்துவிட்டு, பிறகு பேர்ட் உரிமையைக் காட்டிக் கேப்பைத் தாண்டி லெனர்டுக்கு 9 கோடி டாலருக்கு மேலான ஐந்து வருட ஒப்பந்தத்தைக் கொடுத்தார்கள். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் ஆல்ட்ரிட்ஜ் வந்திருக்கவே முடியாது. ஜூலை மாதத்தில் "ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் இன்னும் கையெழுத்துப் போடவில்லை" என்று செய்தி வந்தால் பெரும்பாலும் பின்னால் இந்த மாதிரி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

தனி வீரருக்கு உச்சபட்சச் சம்பளம் என்பது பிறகு வந்தது. 1997-ல் மினசோட்டா 21 வயதான கெவின் கார்னெட்டுக்கு ஆறு வருடத்துக்கு 12.6 கோடி டாலர் கொடுத்ததும் மற்ற முதலாளிகள் ஆடிப்போனார்கள். அடுத்த வருடமே கதவடைப்பு, 1998-99 சீசன் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது, முடிவில் வீரரின் அனுபவத்தைப் பொறுத்துத் தனிநபர் வரம்பு வந்தது. இப்போது முதல் ஆறு வருடம் வரை கேப்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது வருடம் 30 சதவீதம், அதற்கு மேல் 35 சதவீதம். நடுவில் விருதுகள் வாங்கினால் ஒரு படி முன்னால் ஏறலாம், அதைத்தான் சூப்பர்மேக்ஸ் என்கிறார்கள்.

இந்தத் தனிநபர் வரம்பின் விளைவைப் பலரும் கவனிப்பதில்லை. லெப்ரான் ஜேம்ஸ் தன் உச்சத்தில் இருந்தபோது திறந்த சந்தையில் அணியின் பாதிச் சம்பளத்தைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள், ஆனால் எந்த அணிக்குப் போனாலும் அவர் விலை ஏறக்குறைய ஒன்றுதான். விலை ஒன்றாகிவிட்டால் வீரர் எதைப் பார்ப்பார்? கூட ஆடுபவர்கள் யார், எந்த ஊர், கோப்பைக்கு எவ்வளவு அருகில் என்று பார்ப்பார். பெரிய நட்சத்திரங்கள் ஒரே அணியில் போய்ச் சேர்ந்துகொள்வதை இந்த விதியே சாத்தியமாக்குகிறது. சமநிலைக்காகப் போட்டதாகச் சொன்ன விதி!

அதன் உச்சக்கட்டம் 2016. லீக் தொலைக்காட்சி உரிமையை ஒன்பது வருடத்துக்கு 2,400 கோடி டாலருக்கு விற்றிருந்தது, அந்தக் காசு உள்ளே வந்த முதல் வருடம் கேப் ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.41 கோடிக்குப் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று லீக் சொன்னது, சங்கம் மறுத்துவிட்டது. அந்தக் கோடையில் எல்லாரிடமும் காசு, வாங்குவதற்கு ஆள் இல்லை. லேக்கர்ஸ் அணி டிமோஃபே மோஸ்காவுக்கு நான்கு வருடம் 6.4 கோடி, லுவோல் டெங்குக்கு 7.2 கோடி, நிக்ஸ் அணி ஜோகிம் நோவாவுக்கு அதே 7.2 கோடி. ஒன்றுகூட உருப்படவில்லை. மோஸ்காவின் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடுவதற்காக அடுத்த வருடமே டி'ஆஞ்சலோ ரஸலையும் சேர்த்து புரூக்ளினுக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அதே கோடையில்தான் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கெவின் டுரான்ட்டை எடுத்தது. ஸ்டெஃபன் கரி கணுக்கால் காயங்களோடு இருந்த 2012-ல் போட்ட நான்கு வருடம் 4.4 கோடி டாலர் ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததும் சேர்ந்து இடம் கிடைத்தது. அந்த அனுபவத்தால்தான் லீக்கும் சங்கமும் போட்ட 2023 கூட்டு ஒப்பந்தத்தில் கேப் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டார்கள். 2025-26-ல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம், 11 வருடம், சுமார் 7,600 கோடி டாலர், உள்ளே வந்தபோதும் கேப் 14.06 கோடியிலிருந்து சரியாக 10 சதவீதம் மட்டுமே ஏறியது.

சரி, கேப்பைத் தாண்டலாம். எவ்வளவு தாண்டலாம்? இங்கே வருகிறது லக்ஷரி டேக்ஸ். 2025-26-ல் அதன் கோடு 18.79 கோடி டாலர். அதற்கு மேல் போனால் லீக்குக்கு வரி கட்ட வேண்டும், தாண்டும் தொகை கூடக் கூட விகிதமும் ஏறும், கடந்த நான்கு வருடத்தில் மூன்று வருடம் கட்டியிருந்தால் விகிதம் இன்னும் கொடூரம். கோட்டை 2 கோடி டாலர் தாண்டிய அணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை என்றால் வரி சுமார் 4.7 கோடி, திரும்பத் திரும்பக் கட்டுகிற அணி என்றால் சுமார் 8.7 கோடி. தாண்டியது 2 கோடிதான்! வசூலான வரியில் பாதி, வரி கட்டாத அணிகளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது, ஆகவே கோட்டுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிற முதலாளிக்கும் வருடா வருடம் காசோலை வரும். அந்த அணிகள் ஏன் செலவு செய்ய அவசரப்படுவதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆனாலும் வெறும் வரி, உண்மையான பணக்காரரைத் தடுக்காது. 2013-14-ல் புரூக்ளின் நெட்ஸ் முதலாளி மிகைல் புரோகோரோவ் சுமார் 9 கோடி டாலர் வரி கட்டினார். வயதான கார்னெட்டும் பால் பியர்ஸும் வந்தார்கள், அணி 44 ஆட்டம் வென்றது, இரண்டாம் சுற்றில் மயாமியிடம் வெளியேறியது. அந்த வீரர்களுக்காகச் செல்டிக்ஸுக்குக் கொடுத்த டிராஃப்ட் தேர்வுகளின் (புதிய இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளின்) வழியாகத்தான் ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் பாஸ்டனுக்குப் போனார்கள். மறுபக்கம், வாரியர்ஸ் 2021-22-ல் சம்பளத்துக்கு நிகராக 17 கோடி டாலர் வரியும் கட்டி 2022 கோப்பையை வென்றது. சொந்த அரங்கம் இருக்கிறது, டிக்கெட் காசு வருகிறது, கட்ட முடிந்தது. மற்ற முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. 2023 ஒப்பந்தத்தில் இரண்டாம் ஏப்ரன் என்று ஒன்று முளைத்ததற்கு வாரியர்ஸும் கிளிப்பர்ஸும் கட்டிய வரிகள்தான் முக்கியக் காரணம் என்று பலரும் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஏப்ரன் என்பது வரிக் கோட்டுக்கும் மேலே இருக்கும் இரண்டு கோடுகள், 2025-26-ல் முதலாவது 19.59 கோடி, இரண்டாவது 20.78 கோடி. இவற்றைத் தாண்டினால் காசு மட்டும் போகாது, கையைக் கட்டிவிடுவார்கள். முதல் ஏப்ரனுக்கு மேல் இருந்தால் ட்ரேடில் கொடுக்கும் சம்பளத்தைவிட ஒரு டாலர் அதிகமாகத் திரும்ப வாங்க முடியாது. இரண்டாவதற்கு மேல் என்றால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது, ட்ரேடில் ரொக்கம் கொடுக்க முடியாது, கேப் தாண்டிய அணிகளுக்கு வெளியாள் எடுக்கக் கிடைக்கும் நடுத்தர விதிவிலக்கும் கிடையாது, அதாவது புதியவர் யாரையாவது எடுக்க வேண்டுமானால் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருபவர்தான். ஏழு வருடம் கழித்து வரும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வை உறைய வைத்துவிடுவார்கள், அதை ட்ரேடில் கொடுக்க முடியாது, அடுத்த நான்கு வருடத்தில் இரண்டு வருடம் அதே இடத்தில் இருந்தால் அந்தத் தேர்வு சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். கோடீஸ்வரருக்குப் பத்து கோடி அபராதம் பெரிதில்லை. அணியைச் சரிசெய்யும் வழிகளை அடைத்துவிட்டால்தான் வலிக்கும்.

எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஃபீனிக்ஸ் சன்ஸ் 2024-25. டுரான்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல், லீக்கிலேயே அதிகச் சம்பளப் பட்டியல், வரி மட்டும் 15 கோடி டாலருக்கு மேல். வென்றது 36, தோற்றது 46, பிளேஆஃபுக்கு முந்தைய பிளே-இன் சுற்றுக்குக்கூட வரவில்லை. நடுவில் அணியை மாற்றலாம் என்றால் ஏப்ரன் விடவில்லை, பீலிடம் தன் சம்மதமில்லாமல் ட்ரேட் செய்யக் கூடாது என்ற ஷரத்து வேறு. கடைசியில் டுரான்ட்டை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். பீலின் மிச்ச ஒப்பந்தத்தை விலைபேசி முடித்தார்கள், இரண்டு வருட பாக்கி என்றால் அதன் இருமடங்கோடு ஒன்று, ஐந்து வருடத்துக்கு நீட்டிக்கொள்ளலாம் என்ற விதிப்படி வருடத்துக்கு சுமார் 1.94 கோடி டாலர், இல்லாத ஆளின் பெயரில், ஐந்து வருடம் கணக்கில் ஏறும். அவர் கிளிப்பர்ஸுக்கு ஆடப் போய்விட்டார்.

தப்பு செய்தவர்கள்தான் மாட்டுவார்கள் என்றில்லை. செல்டிக்ஸ் எல்லாம் சரியாகவே செய்தது, 2024-ல் கோப்பையும் வென்றது. பிரவுனுக்கு ஐந்து வருடம் 30.4 கோடி வரை, டேட்டமுக்கு ஐந்து வருடம் 31.4 கோடி. 2025-26-ல் இந்த இருவருக்கு மட்டும் சுமார் 10.7 கோடி, கேப்பில் ஏறக்குறைய 70 சதவீதம். பழைய அணியை அப்படியே வைத்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்த்து 50 கோடி டாலரை எட்டும் என்று கணக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் பிளேஆஃபில் டேட்டமின் குதிகால் தசைநாண் அறுந்தது, செலவைக் குறைக்கும் முடிவு சுலபமாகிவிட்டது. ஜூரூ ஹாலிடே போர்ட்லேண்டுக்கு, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு, அல் ஹார்ஃபர்ட் வாரியர்ஸுக்கு, லூக் கோர்னெட் ஸ்பர்ஸுக்கு. கோப்பை வென்று ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஏப்ரனால் எல்லா அணிகளுக்கும் வாய்ப்பு வந்துவிட்டது, 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள் என்று லீக்கில் பெருமையாகச் சொல்வார்கள். டொரான்டோ, லேக்கர்ஸ், மில்வாக்கி, வாரியர்ஸ், டென்வர், பாஸ்டன், ஓக்லஹோமா. உண்மைதான், ஆனால் இரண்டாம் ஏப்ரன் வந்தது 2023-24-ல், இந்தப் பட்டியலில் ஐந்து பேர் அதற்கு முன்பே வென்றுவிட்டார்கள். ஆகவே அந்தப் பெருமையை நான் முழுதாக ஏற்கமாட்டேன்.

ஏப்ரன் யாரை நசுக்குகிறது என்றால் நடுத்தர ஆட்டக்காரரை. நட்சத்திரத்தின் சம்பளம் கேப்பின் சதவீதமாக எழுதப்பட்டிருக்கிறது, அது ஏறிக்கொண்டே போகும். புதிதாக டிராஃப்டில் வருபவர்களும் குறைந்தபட்சச் சம்பளக்காரர்களும் மலிவு. நடுவில் ஒன்றரைக் கோடி, இரண்டு கோடி வாங்குகிற ஆள்தான் அணிக்குச் சுமை. பழைய விதிகளிலும் இந்தச் சிக்கல் இருந்தது, 2023-ல் டென்வர் கோப்பை வென்ற கையோடு புரூஸ் பிரவுனை இழந்தது. அவர் அங்கே ஒரே வருடம்தான் ஆடியிருந்தார், ஆகவே பேர்ட் உரிமை இல்லை, டென்வரால் கொடுக்க முடிந்தது அதிகபட்சம் 78 லட்சம் டாலர். இண்டியானா இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி என்றது, யார்தான் போகமாட்டார்கள். அடுத்த வருடம் கென்டாவியஸ் கால்ட்வெல்-போப்பும் ஆர்லாண்டோவுக்குப் போனார், அந்த முறை பேர்ட் உரிமை இருந்தது, தடுத்தது இரண்டாம் ஏப்ரன் பயம்.

நிக்ஸின் ஜேலன் பிரன்சன் 2024-ல் செய்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஒரு வருடம் காத்திருந்தால் ஐந்து வருடத்துக்கு சுமார் 26.9 கோடி கிடைத்திருக்கும், அவர் உடனே நான்கு வருடம் 15.65 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் தியாகம் என்றார்கள். ஒரு வருட வித்தியாசமும் சீக்கிரமே புது ஒப்பந்தம் பேசலாம் என்பதும் இருப்பதால் இழப்பு அந்த 11 கோடி முழுவதும் இல்லை, ஆனாலும் பெரிய தொகைதான். அந்த இடத்தில்தான் நிக்ஸ் மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஏப்ரனுக்குக் கீழே நிற்க முடிந்தது. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு: அணியின் மதிப்பு பல நூறு கோடி டாலராக ஏறுகிறது, அந்த ஏற்றம் வீரர்கள் பங்கு கேட்கும் வருமானக் கணக்கில் வராது, ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டியவர் மட்டும் எப்போதும் வீரர். 2025-ல் செல்டிக்ஸ் 610 கோடி மதிப்பிலும் லேக்கர்ஸ் 1,000 கோடி மதிப்பிலும் கைமாறின.

ஐபிஎல் மாதிரி இறுக்கமான வரம்பு அமெரிக்கக் கூடைப்பந்தில் இல்லவே இல்லையா என்றால், பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவில் இருந்தது. 2025-ல் ஓர் அணியின் மொத்த வரம்பே சுமார் 15.07 லட்சம் டாலர், பேர்ட் உரிமை மாதிரி ஓட்டை எதுவும் கிடையாது. அரங்குகளை நிரப்பிய கெய்ட்லின் கிளார்க்குக்கு 2024-ல் முதல் வருடச் சம்பளம் 76,535 டாலர். சம்பளத்தில் போட்டி போட முடியாதபோது முதலாளிகள் வசதியில் போட்டி போடுவார்கள் என்று லீக் பயந்தது, ஆகவே தனி விமானமும் தடை, அது வீரர்களுக்கு மறைமுகச் சம்பளம் ஆகிவிடுமாம். நியூயார்க் லிபர்ட்டி அணி 2021 சீசனில் யாருக்கும் சொல்லாமல் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அழைத்துப் போனது தெரிந்ததும் 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். மூன்றே வருடத்தில், 2024-ல், லீக்கே எல்லா அணிகளுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது.

என்பிஏவில் மறைமுகமாகக் கொடுத்து மாட்டிப் பெரிய தண்டனை வாங்கிய அணி மினசோட்டா. ஜோ ஸ்மித் என்ற வீரரிடம், இப்போது குறைந்த சம்பளத்துக்கு வருடா வருடம் ஒப்பந்தம் போட்டுக்கொள், பேர்ட் உரிமை வந்ததும் பெரிய தொகை தருகிறோம் என்று ரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2000-ல் அது வெளியே வந்தது. லீக் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்து, 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளைப் பறித்தது, பிறகு இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பறிபோன தேர்வுகள் எல்லாம் கார்னெட் உச்சத்தில் இருந்த வருடங்களுக்கானவை. அவருக்குப் பக்கபலமாக இளம் ஆட்களைச் சேர்க்க வழியில்லாமல் போனது, 2007-ல் அவரை பாஸ்டனுக்கு ட்ரேட் செய்தார்கள், போன முதல் வருடமே அவர் அங்கே கோப்பை வென்றார்.